கருந்தொண்டைச் சில்லையின் வயிறு

என் பறவைக் குறிப்பேட்டில் ஒரு தப்பு மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தது. கோத்தகிரிக்குப் போகும்போதெல்லாம் தேயிலைத் தோட்ட ஓரத்துப் புல்லில் ஏழெட்டுச் சில்லைகளைப் பார்ப்பேன். முகமும் தொண்டையும் கருப்பு. முதுகு பழுப்பு. வயிறு ஒரே சீராக, கோடு புள்ளி எதுவும் இல்லாமல், ரோஜா நிறம் லேசாகக் கலந்த செம்பழுப்பு. கையில் இருந்த கையேட்டைப் புரட்டினால் 'கருந்தொண்டைச் சில்லை' என்ற இடத்தில் இருந்த பறவைக்கு வயிறு முழுக்கக் கருப்பு வெள்ளையில் செதில் செதிலாக இருந்தது. நான் பார்த்ததற்கு அது இல்லை. சரி, இது அது கிடையாது என்று முடிவு கட்டி, பக்கத்திலேயே இருந்த வெண்முதுகுச் சில்லையின் பெயரை எழுதி வைத்தேன்.

வெண்முதுகுச் சில்லைக்கு வயிறு வெள்ளையாக இருக்க வேண்டுமே? மலை மேல வெளிச்சம் சரியில்லை, பனி, வெள்ளை கொஞ்சம் அழுக்காகத் தெரிஞ்சிருக்கும். முதுகின் வெள்ளைப் பட்டை? அதைச் சிறகு மறைச்சிருக்கும். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மொத்தம் பதினொரு பதிவுகள் போட்டுவிட்டேன். இணையத்திலும் ஏற்றினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தப் படத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இந்தக் குறிப்பு அந்தப் படத்தைப் பற்றித்தான்.

சில்லைகளை அதிகம் கவனிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சிட்டுக்குருவியைவிடச் சிறிய, தடித்த முக்கோண அலகு கொண்ட, புல் விதை தின்னும் கூட்டுப் பறவைகள் இவை. கூண்டுப் பறவைக் கடைகளில் 'பிஞ்சஸ்' என்று விற்பதில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். நம் பக்கம் புள்ளிச் சில்லை, வெண்முதுகுச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்தொண்டைச் சில்லை, சிவப்புச் சில்லை என்று பல உண்டு. இதெல்லாம் பறவை பார்ப்பவர்கள் சொல்லும் பெயர். வயல் பக்கம் கேட்டால் எல்லாமே நெல்லுக்குருவி, இல்லாவிட்டால் தினைக்குருவி. விவசாயிக்கு அது எதைத் தின்கிறது என்பதுதான் முக்கியம், அதன் முதுகு என்ன நிறம் என்பது இல்லை.

கருந்தொண்டைச் சில்லை இவற்றில் கொஞ்சம் வேறு மாதிரி. வயல்வெளிப் பறவை என்பதைவிட மலைப் பறவை. அலகு முதல் வால் வரை 12 செ.மீ. இருக்கும். மூன்றே மூன்று இடத்தில் இருக்கிறது: இலங்கை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி (நீலகிரி இதில் அடக்கம்), ஆந்திரா பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கடல் இருக்கிறது, இல்லாவிட்டால் அகலமான காய்ந்த சமவெளி இருக்கிறது. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைச் சந்திக்க வாய்ப்பே இல்லாத அமைப்பு. அறிவியல் பெயர் லோன்சுரா கேலார்ட்டி. மூன்று இடத்துப் பறவைக்கும் மூன்றாவதாக ஒரு சொல் சேர்ப்பார்கள்: இலங்கையில் கேலார்ட்டி, நீலகிரியில் ஜெர்டோனி, கிழக்கு மலையில் வெர்னாயி.

இந்தப் பெயர்களைப் பாருங்கள், மூன்றும் ஆள் பெயர். கேலார்ட் கொழும்பில் பிறந்த இராணுவ மருத்துவர். இலங்கை விலங்குகளைப் பற்றி 1852ல் புத்தகம் போட்டவர். அவர் பெயரை 1863ல் இலங்கைப் பறவைக்கு வைத்தவர் ஜெர்டன், இவரும் மருத்துவர், மதராஸ் படையில் இருந்தவர். பதினொரு வருஷம் கழித்து, 1874ல், ஜெர்டன் பெயரை நம் பக்கத்துப் பறவைக்கு வைத்தவர் ஹியூம். ஆமாம், காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான். கிழக்கு மலைப் பறவை 1933 வரை காத்திருந்தது. ஆர்தர் வெர்னே என்ற பழம்பொருள் வியாபாரி காசு கொடுத்து நடத்திய கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வில் கிடைத்த பறவைகளைப் பார்த்து, விஸ்லரும் கின்னியரும் அவர் பெயரையே வைத்தார்கள். ஒருவர் இன்னொருவருக்கு மரியாதை செய்துகொண்டே போயிருக்கிறார்கள். பறவையின் வயிற்றைப் பற்றி ஒரு பெயரும் பேசவில்லை.

ஆங்கிலப் பொதுப்பெயரில் ஒருகாலத்தில் அந்த வயிறு இருந்தது. பழைய இந்தியப் புத்தகங்களில் நம் பறவை 'ரூஃபஸ் பெல்லீட் முனியா', அதாவது செவ்வயிற்றுச் சில்லை. இலங்கையில் அதே காலத்தில் அது 'ஹில் முனியா', மலைச் சில்லை. ஜி. எம். ஹென்றி 1955ல் எழுதிய இலங்கைப் பறவைப் புத்தகத்தைப் பழகினவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இரண்டுமே நல்ல பெயர். ஒன்று எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது, இன்னொன்று எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. அப்புறம் மூன்றும் ஒரே இனம் என்பதால் பொதுவாக ஒரு பெயர் தேவைப்பட்டது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது தொண்டைதான். அதனால் கருந்தொண்டை. தமிழிலும் அதை அப்படியே பெயர்த்து வைத்துக்கொண்டோம். இனத்தை ஒன்றாக்கியதில் எனக்கு வழக்கு இல்லை, அது அதற்கான ஆட்கள் முடிவு செய்ய வேண்டியது. பெயரை ஒன்றாக்கும்போது படத்தையும் ஒன்றாக்கினார்களே, அங்கேதான் வழக்கு.

என் தப்பைத் திருத்தியது எந்தப் புத்தகமும் இல்லை. ஒரு பெரியவர். கோத்தகிரிப் பக்கம் இருக்கும் அரசுத் தேயிலைத் தோட்டங்களின் கதை தெரிந்திருக்கலாம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தொழிலாளர்களுக்காக 1968லிருந்து போட்ட தோட்டங்கள். அந்தப் பெரியவர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இளவட்டமாக இருக்கும்போது இங்கே வந்தவர். நான் பைனாகுலரோடு நிற்பதைப் பார்த்து வந்து பேசினார்.

"ஐயா, இது என்ன குருவின்னு சொல்லுவீங்க?"

"நெல்லுக்குருவி."

"அங்கேயும் இருந்துச்சா?"

"இருந்துச்சே. அங்கயும் இதே மாதிரி கழுத்துக் கருப்புதான் தம்பி. வயிறுதான் வேற. அங்க உள்ளதுக்கு கட்டம் போட்ட சேல கணக்கா இருக்கும். இங்க வந்து பாத்தா மொட்டையா இருக்கு. நாங்க சின்னப் புள்ளையில லயத்துத் தாவாரத்துல கூடு கட்டும், கலைக்க விடமாட்டாங்க எங்க அம்மா."

அவ்வளவுதான். கழுத்து அதே, வயிறு வேறு. ஒரு இனத்தின் இரண்டு வட்டார வடிவங்களை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அறைக்குத் திரும்பி மறுபடி கையேட்டைப் பார்த்தேன். படத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பொடி எழுத்தில், தென்னிந்தியப் பறவைக்கு அடிப்பகுதியில் கோடு இருக்காது என்று ஒரு அரை வரி இருந்தது. மூன்று வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. படத்தைப் பார்த்தேன், வரியைப் படிக்கவில்லை.

படிக்காதது உன் தப்பு என்று சொல்லலாம். சரிதான். ஆனால் கையேடு என்ற பொருளை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பறவை முன்னால் நிற்கும் நாலு விநாடியில் யாரும் உரையைப் படிப்பதில்லை. படம்தான் கையேடு, உரை அதற்கு அடிக்குறிப்பு. அப்படி இருக்கும்போது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் விற்கும் புத்தகத்தில் இலங்கை வயிற்றை வரைந்துவிட்டு, நம் வயிற்றை அரை வரியில் சொல்வது பாதிச் சேவைதான். செதில் வயிறு வரைவதற்கு அழகாக இருக்கும், மொட்டை வயிறு இருக்காது என்பதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்த 'ஒரு இனம், ஒரு படம்' பழக்கம் சில்லைகளில் ரொம்பப் பழசு. புள்ளிச் சில்லையின் கதையைக் கேளுங்கள். 1743ல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் அதை வரைந்து வெளியிட்டார். அவர் பார்த்தது லண்டனில், பட்டுத் துணிக்கு வடிவம் வரையும் ஜோசப் டான்ட்ரிட்ஜ் என்பவர் வீட்டில் இருந்த ஒரு பறவையை. கீழை நாடுகளில் இதைத் தலைக்கு ஒரு சோழி விலையில் விற்பார்கள் என்று அவருக்குச் சொன்னார்களாம், அதனால் அவர் வைத்த பெயரே சோழிப் பறவை என்ற பொருளில்தான். 1758ல் லின்னேயஸ் அந்தப் படத்தைச் சுட்டித்தான் அறிவியல் பெயர் கொடுத்தார். ஊர்? 'ஆசியா'. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியத் தீவுகள் வரை, இடத்துக்கு இடம் நிறமும் செதிலும் மாறும் பத்துக்கும் மேற்பட்ட வட்டார வடிவங்கள் உள்ள பறவைக்கு, லண்டன் வீட்டில் இருந்த ஒன்றுதான் முகம். எந்த ஆசியா என்பதைப் பிற்பாடு கல்கத்தா என்று சுருக்கிக்கொண்டார்கள். கருந்தலைச் சில்லை இன்னும் மோசம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிற அதற்கு 1766ல் 'மலாக்கா' என்று பெயர் விழுந்து இன்றுவரை மாறவில்லை.

முதல் மாதிரி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது புரிகிறது. அந்த ஒன்றை மொத்தத்துக்கும் முகமாக மாட்டிவிடுவது வேறு விஷயம். நம் சில்லையிலும் நடந்தது இதுதான். 1863ல் பெயர் முதலில் போனது இலங்கைப் பறவைக்கு என்பதால் படத்தில் அது 'அசல்' ஆகிவிட்டது, நீலகிரிப் பறவை அதன் 'வகை' ஆகிவிட்டது. பறவைகளுக்குள் அப்படி ஒரு அண்ணன் தம்பி வரிசை கிடையாது. பெயர் வைத்த தேதிதான் வரிசை.

இதை ஒழுங்காகச் செய்த புத்தகமும் உண்டு. சாலிம் அலியும் தில்லன் ரிப்ளேயும் சேர்ந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாகப் போட்ட 'ஹேண்ட்புக்', ஒவ்வொரு வட்டார வடிவத்துக்கும் தனி எண், தனிப் பத்தி, தனி எல்லை கொடுத்தது. படங்கள் குறைவு. தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. ஆனால் நீலகிரியில் நிற்பவன் நீலகிரிப் பறவையைத் தேடிப் படிக்கலாம். அப்புறம் வந்த ஒற்றைத் தொகுதிக் கையேடுகள் இந்தத் துணைக் கண்டத்தின் 1300க்கு மேற்பட்ட இனங்களை ஒரு பைக்குள் அடக்கின. அது சாதாரண வேலை இல்லை, நான் பறவை பார்க்கக் கற்றதே அவற்றால்தான். வட்டார வடிவம் அத்தனைக்கும் படம் போட்டால் புத்தகம் செங்கல் ஆகிவிடும் என்ற பதிலும் நியாயமானது. நான் அத்தனைக்கும் கேட்கவில்லை. வெர்னாயியை விட்டுவிடலாம், அது ஜெர்டோனி மாதிரியேதான், நிறம் வெளிறியது, அவ்வளவுதான் என்கிறார்கள், நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வடிவத்தின் படத்தை வைத்துக்கொண்டு இன்னொரு வடிவத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது என்கிற இடத்தில் இரண்டாவது படம் வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் அத்தனை அதிகம் இல்லை.

வெண்முதுகுச் சில்லையிலும் இதே சிக்கல், திசைதான் வேறு. நம் தீபகற்பத்துப் பறவைக்குக் கருப்பு மார்பு ஒரு கோட்டில் வெட்டினாற்போல நின்று, கீழே சுத்தமான வெள்ளை வயிறு. இமயமலை அடிவாரத்து வடிவத்துக்கு அந்த வெட்டு அவ்வளவு தெளிவாக இருக்காது. மார்பு பழுப்பேறி, ஓரங்கள் வெளிறி, வயிறு மங்கலாகக் கோடு போட்டிருக்கும். தெற்கில் கற்றுக்கொண்ட கண்ணோடு வடகிழக்குக்குப் போனால் தடுமாறும். இந்த இனத்தின் கிழக்காசிய வடிவத்திலிருந்துதான் நம் கடைகளில் 'பெங்காலிஸ்' என்று விற்கும் வளர்ப்புப் பறவை வந்தது. சீனாவிலும் ஜப்பானிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தது. வங்காளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சில்லைகளுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தமே இல்லை.

நீலகிரியில் இப்போது நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் பறக்கும்போது முதுகின் அடிப்பகுதி. அங்கே பளிச்சென்று வெள்ளைப் பட்டை தெரிந்தால் வெண்முதுகு அல்லது வெண்தொண்டை, பேச்சே இல்லை. வெள்ளை தெரியவில்லை என்றால் உட்காரும் வரை பொறுத்து வயிற்றைப் பார்க்க வேண்டும். மொட்டைச் செம்பழுப்பு வயிறு, கருத்த முகம் தொண்டை என்றால் நம் ஆள்தான். செதில் வயிறு இருந்து தொண்டை செங்கல் நிறமாக இருந்தால் புள்ளிச் சில்லை. இலங்கைக்குப் போகிறவர்களுக்குத்தான் இங்கே பொறி: அங்கே கருந்தொண்டைக்கும் செதில் வயிறு. புள்ளிச் சில்லை என்று அவசரப்பட்டு எழுதிவிடாமல் தொண்டை கருப்பா செங்கல் நிறமா என்று பார்க்க வேண்டும். அதாவது நீலகிரியில் வயிறு முடிவு செய்வதை இலங்கையில் தொண்டை முடிவு செய்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் படத்தின் பக்கத்திலாவது அச்சிட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

குஞ்சுப் பருவம் தாண்டிய இளசுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். எல்லாச் சில்லை இளசும் பழுப்பு. கருந்தொண்டையின் இளசுக்குத் தொண்டை கூடக் கருப்பாக இருக்காது. பெற்றோர் பக்கத்தில் இருந்தால் எழுதுவேன். தனியாக இருந்தால் 'சில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த பறவைக்குப் போய்விடுவேன்.

இவ்வளவு மெனக்கெட இதில் என்ன இருக்கிறது, ஒரு கருப்புத் தொண்டைக் குருவிதானே என்று ஒரு நண்பர் கேட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக் குருவிகளுக்கு என்ன நடந்தது என்று அவருக்குச் சொன்னேன். வேறு பகுதிப் பறவைகளோடு ஒன்றாகக் கட்டி வைத்திருந்த சிலவற்றை, வி. வி. ராபினும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2017ல் தனிப் பேரினங்களாகவே பிரித்தார்கள். சோலிகோலா, மான்டெசிங்க்லா என்று அவற்றுக்குப் பெயர். சில்லைக்கும் அதே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடந்தாலும் நடக்காவிட்டாலும், நீலகிரியின் கருந்தொண்டைக் கூட்டம் மற்ற இரண்டோடும் தொடர்பில்லாத சின்னக் கூட்டம். அது குறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று நாளைக்கு யாராவது கணக்குப் பார்த்தால், எங்களைப் போன்றவர்கள் ஏற்றி வைத்த பதிவுகளைத்தான் பார்ப்பார்கள். அதில் என் பதினொன்று வெண்முதுகு என்று கிடக்கும். என்னைப் போல அதே படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், அவர்களுடையது எத்தனை? இருக்கிற பறவையை இல்லை என்று எழுதுவது, ஒரு சின்னக் கூட்டத்துக்குச் சின்ன விஷயம் இல்லை.

பழைய படங்களைத் திறந்து உட்கார்ந்தேன். ஏழு பதிவுகளில் வயிறு தெளிவாக இருந்தது, கருந்தொண்டை என்று மாற்றிவிட்டேன். மூன்றில் படமே இல்லை, ஞாபகத்தை நம்பி எழுதியவை, அழித்துவிட்டேன். மிச்சம் ஒன்று. மழையில் எடுத்தது, பறவை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, சிறகு மூடியிருக்கிறது, வயிறும் தெரியவில்லை தொண்டையும் தெரியவில்லை. அதை 'சில்லை, இனம் தெரியவில்லை' என்று மாற்றி வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை போனபோது பெரியவரிடம் போனில் இலங்கைப் பறவையின் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதேதான், கட்டம் போட்டது" என்றார். பிறகு போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.